தலையாட்டிய சாட்சி

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்பு மகள் ஷர்மினிக்கு,

இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி கோகுலனும் சுகம், லீட்ஸ் குளிரில் நீயும் சுகமாக இருக்க முருகன் துணை. போனில் சொன்னால் நடுவில் புகுந்து கேள்வி கேட்பாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போட்டால் காலம் கடந்துவிடும், கோகுலன் படமெடுத்து அனுப்புவான். அவனுக்கு இப்போது காரை மாற்றியமைக்கும் பித்து, ஞாயிற்றுக்கிழமை வீடு தங்குவதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மருந்தைவிட என்னைத் திட்டினால்தான் குறைகிறதாம், இந்த மாதம் திட்டுவதற்குக் காரணமும் இருக்கிறது.

ஜுரு தொழிற்சாலையில் என் லைனில் பிரமிளா என்று ஒரு பெண். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க மூன்று நாள் வரவில்லை, அவள் இடத்தில் ஃபஸீலா நின்றாள். ஹரி ராயா நோன்புப் பெருநாள் வந்தால் ஃபஸீலாவுக்காகப் பிரமிளா நிற்பாள். பல வருடமாக எங்களிடம் இப்படித்தான், தாளில் எதுவும் எழுதுவதில்லை, லைனுக்கு நான் சூப்பர்வைசர் என்பதால் என்னிடம் வந்து சொல்வார்கள், நான் தலையாட்டுவேன், அவ்வளவுதான். புதிதாக வந்த மேனேஜர் வருகைப் பதிவைப் பார்த்துவிட்டு, அனுமதி இல்லாமல் லீவு எடுத்தாள் என்று அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். வேலை ஒரு நாளும் நிற்கவில்லை என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருப்பவள், அழாமல் பையை எடுத்துக்கொண்டு போனாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜுருவில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் சிலர், ஒரு வக்கீலம்மாவின் மேற்பார்வையில் ஞாயிறுதோறும் மேசை போட்டுத் தொழிலாளிகளுக்கு இலவசமாக உதவுகிறார்கள், அவர்களுக்கும் அது பயிற்சி. நூர் ஃபாத்திஹா என்ற பெண்ணும் ஷர்வின் என்ற பையனும் பிரமிளாவின் விஷயத்தை எடுத்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள், ஷிப்ட் மாற்றிக்கொண்ட எல்லோரையும் தேடிப் பிடித்துப் பேசினார்கள். ஆனால் அனுமதி கொடுத்தவன் வாயைத் திறக்காவிட்டால் புகார் நிற்காது என்று ஃபாத்திஹா சொல்லிவிட்டாள். அம்மாவோ, ரிட்டையராக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு, மகள் படிப்பு இன்னும் முடியல, ஊர் வம்பு நமக்கு எதுக்கு என்று ஒரே பிடியாக நின்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை, நானும் பயந்து சில வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் போனேன். ஷர்வின் கம்பெனிக்காரர் போல எதிரில் உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்டுப் பழக்கினான், நான் பழக்க தோஷத்தில் தலையைத் தலையை ஆட்டினேன். அங்கிள், ஆட்டாதீங்க லா, வாயால சொல்லுங்க, அப்பத்தான் எழுத முடியும் என்று சிரித்தான். ஆமாம், நான்தான் அனுமதி கொடுத்தேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பட்டர்வொர்த்தில் அரசாங்க அலுவலகத்தில் நடந்த சமரசப் பேச்சில் கம்பெனி இறங்கி வந்தது, பிரமிளா வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

மறுநாளே எனக்கு ஒரு கடிதம் வந்தது. நிர்வாகத்துக்குத் தெரியாமல் ஷிப்ட் மாற்ற அனுமதித்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள், வரும் வெள்ளிக்குள் பதில் வேண்டும். ஃபாத்திஹா எழுதித் தருகிறேன் என்றாள். அவளிடம், என் மகளும் சட்டம்தான் படிக்கிறாள், அவள் எழுதட்டும், நீயும் வக்கீலம்மாவும் சரிபாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அங்கே வேறு சட்டம் என்று சாக்குச் சொல்லாதே, ஃபாத்திஹாவின் எண்ணைக் கோகுலன் அனுப்புவான், கேட்டுக்கொள். அப்பா என்று பார்த்துப் பூசி மெழுக வேண்டாம், என் மேல் தவறு இருந்தால் அதையும் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நல்ல பெயரும் நீண்ட ஆயுளுமாக இரு. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே அம்மா, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, நீ வாதாடப் போகும் முதல் ஆள் நான்.

உன் அப்பா,
அய்யாக்கண்ணு