வேலி போனால் வளவும் தீவுதான்

இஞ்சாருங்கோ,

காலையிலிருந்து வீட்டு வளவு முழுக்க வெட்டின கிளுவை மணக்கிறது. கிழக்கு வேலியை வெட்ட வந்தவர் பாதியை முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். நான் வேலியடியில் தனியே நின்றேன். அந்தக் கிளுவைப் பாலின் மணம் மூக்கில் ஏறியதும் நீங்கள் பின்னால் வந்து நிற்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். முப்பது வருசம் கணிதம் படிப்பித்தவளுக்கு இது தேவைதானா என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

உங்கள் சட்டையில் எப்போதும் இந்த மணம்தான். வண்ணத்துப்பூச்சி தேடி வேலிக்குள் தலையை விடுவது விலங்கியல் ஆசிரியரின் கடமை என்று நீங்கள் நினைத்தீர்கள். பக்கத்து வீட்டு யோகத்தின் மனுசனோ வேறு விதமாக நினைத்தார். எங்கள் இணுவிலில் ஒருவர் நாள்தோறும் எல்லை வேலியைக் குனிந்து பார்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், வேலியை மற்றவர் காணிக்குள் நகர்த்தப் பார்க்கிறார். "மாஸ்டர் வேலியை அரக்கிறார்" என்று ஊரெல்லாம் சொல்லி, ஒருநாள் அளக்கிற நாடாவோடு வந்துவிட்டார். நீங்கள் அவரையும் குனிய வைத்து, இலைக்கு அடியில் ஒட்டியிருந்த முட்டையைக் காட்டினீர்கள். அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார். அந்த மனிதரும் உங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தீவுகளுக்குப் போவோம். பண்ணைப் பாலத்தால் வேலணைக்கு உங்கள் மோட்டார்சைக்கிளில், நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் வள்ளம் ஏறி. நீங்கள் வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்து வகை சொல்ல, நான் எண்ணுவேன். கரைக்குக் கிட்ட இருக்கிற பெரிய வேலணையில் எண்ண இரண்டு கை விரலும் போதாது. சின்ன எழுவைதீவில் ஒரு கை விரலிலேயே மிச்சம் இருக்கும். நெடுந்தீவு பெரிது, ஆனாலும் அதன் பரப்புக்கு நாங்கள் எதிர்பார்த்த அளவு அங்கே இல்லை. தூரம்தான் காரணம் என்றீர்கள்.

"இஞ்சாரும், தீவெண்டது ஒரு இழுபறி. ஒரு பக்கத்தாலை புதுசு வந்துகொண்டிருக்கும், மற்றப் பக்கத்தாலை இருக்கிறது அழிஞ்சுகொண்டிருக்கும். தூரத்துத் தீவுக்கு வாறது குறைவு. சின்னத் தீவிலை அழியிறது வேகம்."

நெடுந்தீவில் இருந்த உங்கள் நண்பர் வீட்டுச் சமையலுக்கென்று ஒருமுறை எங்கள் வளவுக் கறிவேப்பிலையைக் கட்டிக்கொண்டு போனேன். கட்டை அவிழ்க்குமுன் அதில் ஒரு பச்சைப் புழுவைக் கண்டு நீங்கள் துள்ளிக் குதித்தீர்கள்.

"இது நாங்கள் இஞ்சை ஒருநாளும் காணாத வகையப்பா!"

"எப்பிடிக் காணுவியள்? அது எங்களோடைதானே வள்ளத்திலை வந்தது."

உங்கள் முகம் போன போக்கு! பிறகு நீங்களே விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "உப்பிடித்தான் எல்லாத் தீவுக்கும் எல்லாம் வந்து சேருது, ஆரோ ஒருத்தரின்ரை கறிவேப்பிலைக் கட்டிலை" என்றீர்கள். அந்தப் புழுவை அவர்கள் வீட்டுத் தேசி எலுமிச்சை மரத்தில் விட்டுவிட்டு வருவோமா என்று கேட்டேன். நீங்கள் சம்மதிக்கவில்லை. "ஒண்டு தனிய வந்து என்ன செய்யும்? தனிய வந்தது தனியவே முடிஞ்சுபோகும்." சாப்பாட்டுப் பெட்டிக்குள் அதை இலையோடு வைத்து, திரும்பி வரும் வழியெல்லாம் மடியில் வைத்திருந்தீர்கள். பக்கத்தில் இருந்த கிழவர் பலகாரம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அன்றைக்குத் ‘தனிய’ என்ற அந்தச் சொல் எனக்குச் சுடவில்லை, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள்.

நீங்கள் போன பிறகு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை இந்த வீடு ஆட்கள் வந்துபோகும் வேலணையாக இருந்தது. முதல் வருச ஆட்டைத் திவசம் முடிய எழுவைதீவு ஆகிவிட்டது. ஒருவரையும் குறை சொல்லவில்லை, அவரவர்க்கு அவரவர் பாடு. ஆனாலும் தனிமை பொல்லாதது. சில நாட்களில் பொழுது சாயும்போதுதான் தெரியும், அன்று முழுக்க நான் வாய் திறக்கவில்லை என்று.

மேற்கிலும் பின்னுக்கும் அயலார் மதில் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு கீரி வருவதில்லை. கறிவேப்பிலையில் முட்டையிட வரும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியும் அரிதாகிவிட்டது. சிறகு உள்ளதுக்கு மதில் என்ன தடை என்று கேட்கலாம். பூவும் இலையும் நிழலும் தொடர்ந்து கிடந்தால்தானே அது வளவுக்கு வளவு வரும்? கடைசியாக மிஞ்சியது கிழக்கே யோகத்தின் பக்கத்து வேலி. கனடாவிலிருந்து மகள்தான் மதிலுக்கு ஒழுங்கு செய்தாள். "நீங்கள் தனிய இருக்கிறியள் அம்மா, எனக்கு இஞ்சை நித்திரை இல்லை" என்று அழுதாள். பிள்ளையின் அழுகையைக் கேட்டு ஓம் என்றுவிட்டேன்.

கிளுவை விழுந்த இடத்தில் நான் நின்றபோது யோகம் வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தாள். புழங்கிப் புழங்கி ஒரு ஆள் நுழையும் அளவுக்குப் பழகிப்போன ஓட்டை அது. கையில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒரு கோப்பை ஒடியல் கூழ். வெட்டின பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தும், வழக்கமான பொட்டாலேயே வந்தாள்.

"ரீச்சர், மதில் வந்தா நான் றோட்டாலை சுத்தியே வாறது? முழங்கால் ஏலாதே எனக்கு. இனி எப்பவாவதுதான் வருவன் போலை."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். வருகிற ஒன்றும் நின்றுவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை உங்கள் தீவுக் கணக்குக்காக நானே எத்தனை தரம் கோடு போட்டு வரைந்திருக்கிறேன்! தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவரிடம் அன்றைய கூலியைக் கொடுத்து, போதும் தம்பி என்று அனுப்பிவிட்டேன். மகளுக்கு உடனே தொலைபேசி எடுத்து, மதில் வேண்டாம் என்றேன்.

"கள்ளன் வந்தால் என்னம்மா செய்வியள்?"

"மதில் கட்டினால் கள்ளன் மட்டுமோ பிள்ளை வராமல் நிப்பான்?"

"நான் வாறதெண்டாலும் முன் கேற்றாலைதானே அம்மா வருவன்" என்றாள். கோபமா, கவலையா, தெரியவில்லை. வாற வருசம் பார்ப்போம் என்று வைத்துவிட்டாள். எனக்கும் அழுகைதான் வந்தது.

பின்னேரம் யோகமும் நானும் வெட்டுண்ட தடிகளில் நல்லதாகப் பார்த்து, திரும்பத் துளிர்க்கும் வேலிக் கதியாலாக நட்டோம். மழை வர இருக்கிறது. அவள் பிடிக்க நான் மண்ணை அணைத்தேன். எல்லைக்கோடு கொஞ்சம் என் பக்கம் அரக்கிவிட்டதுபோல இருக்கிறது. இருக்கட்டும்.

உங்களிடமிருந்து என்னோடு மிஞ்சியிருப்பது இந்தப் பார்வைதான். எந்த வளவைப் பார்த்தாலும், எந்த வீட்டைப் பார்த்தாலும், இங்கே வர வழி உண்டா என்றுதான் முதலில் மனம் கேட்கிறது. என் வீட்டைப் பார்த்துக் கேட்க மட்டும் இவ்வளவு காலம் எடுத்தது.

மண் கையோடு விறாந்தைக்கு வந்தோம். உங்கள் சாய்மனைக் கதிரையில் நீங்கள் போனதற்குப் பிறகு நான் ஒருவரையும் இருக்க விட்டதில்லை. யோகத்துக்கு அது தெரியும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் இருக்கப் போனாள்.

"கதிரையிலை இரும் யோகம்" என்றேன்.