கீழிருந்து நீட்டிய கை

தில்லி துவாரகாவில் உள்ள என் வீட்டுப் பால்கனிக் கம்பியில் இன்று காலை ஒரு பச்சை வெட்டுக்கிளி வந்தமர்ந்தது. நான் யோசிப்பதற்குள் என் கை அதைப் பொத்திப் பிடித்துவிட்டது. பிடித்த பிறகே, வாங்கிக்கொள்ள உன் பச்சோந்தியும் இல்லை, நீயும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

எழுபதுகளின் இறுதியில், இதே தில்லியின் கரோல்பாக்கில் ஒரு மொட்டைமாடி அறையில் நாம் இருவரும் குடியிருந்தோம். நீ செவிலி, நான் ஆடை ஏற்றுமதிக் கூடமொன்றில் தையல்காரி. தெருவில் கல்லடி பட்டுக்கொண்டிருந்த பச்சோந்தியை நீ முந்தானையில் ஏந்தி வந்து மாதுளைத் தொட்டியில் விட்டாய். உன் தோளில் ஏறித் திரிந்த அது, என்னைக் கண்டால் கறுத்துச் சீறும்.

"கடிக்காதுடி. உன்னைவிடச் சாது" என்பாய்.

ஐப்பசியில், உன் அம்மாவுக்கு நோய் முற்றியதாகத் தந்தி வந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்த உன்னிடம், "எப்படித் தீனி குடுக்கிறதுன்னாவது சொல்லிட்டுப் போ" என்றேன்.

"எழுத்து, தையல், இந்தி எல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? நீயாத்தானே கத்துக்கிட்ட. இதையும் கத்துக்கோ."

பள்ளிக்கூடம் காணாத என்னை அதுவரை எவரும் அவ்வாறு நம்பியதில்லை. அந்த உயிரைக் காப்பது எனக்கு மானப் பிரச்சினையாயிற்று.

கிளையில் விட்ட வெட்டுக்கிளிகள் தாவி ஓடின. கையில் பிடித்து நீட்டினால் அது வாயைப் பிளந்து சீறிற்று. நீ கேலி செய்யும் என் மேடைத் தமிழில் "தயைகூர்ந்து உண்டருள்க" என்றுகூட வேண்டிப் பார்த்தேன். விலா எலும்புகள் தெரியத் தொடங்கின. "பெஹன்ஜி, கிர்கிட் கயா சம்ஜோ", பச்சோந்தி போனதென்றே வைத்துக்கொள் என்று கீழ்வீட்டு அம்மாள் கைவிரித்துவிட்டார்.

ஒரு பிற்பகல், பருந்தொன்று மாடிக்கு மேலே தாழப் பறந்தது. நிழல் விழுந்ததும் பச்சோந்தி கறுத்து வாயைப் பிளந்தது. என் கையைக் கண்டு செய்வதும் அதுவேதான். மேலிருந்து இறங்கும் என் கையும் அதற்கொரு பருந்து என்பது அப்போது விளங்கிற்று. மறுநாள் கையைக் கிளைக்குக் கீழே, இன்னொரு கிளைபோல் நீட்டி, அசையாது அமர்ந்தேன். வெகுநேரம் கழித்து அது காற்றில் ஆடும் இலையென முன்னும் பின்னும் அசைந்து, குளிர்ந்த காலொன்றை என் விரல்மேல் வைத்தது. பிறகு மற்றொன்றை. மறுகையில் இருந்த வெட்டுக்கிளி, நாவின் ஒரே வீச்சில் காணாமற் போயிற்று.

நீ தாயை இழந்து திரும்பியபோது அது என் தோளில் இருந்தது.

"என்னடி பண்ணுன?"

"தமிழில் வேண்டினேன்."

"அடிப்பாவி, உன் மேடைத் தமிழுக்கா மயங்கினான்?" என்று, அழுது வீங்கிய முகத்தோடு சிரித்தாய். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்தது. உன்னருகே கையை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் நீயாகவே அதைப் பற்றிக்கொண்டாய்.

கோடை பிறந்ததும் அதை ரிட்ஜ் என்னும் குன்றுக்காட்டில் விட்டு வந்தோம். பின்னாளில் என்னிடம் தையல் பழக வந்த பெண்கள் எவருடைய தடுமாறும் விரலையும் நான் மேலிருந்து பற்றித் திருப்பியதில்லை. நன்றி என்று உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை; சொல்லியிருந்தால் அதையும் மேடைத் தமிழ் என்றிருப்பாய்.

இன்று கையைத் தாழ்த்தித் திறந்தேன். வெட்டுக்கிளி சற்று நேரம் உள்ளங்கையில் இருந்துவிட்டுத் தாவிற்று. கையை நான் உடனே எடுக்கவில்லை.