எண்ணூறு மீற்றர்

செப்டெம்பர் 4, வியாழன்

காலையில் குளிர், பிறகு நல்ல வெயில். பார்சல் வந்துவிட்டது. ரைபிளின் மேல் பூட்டும் புது ஸ்கோப், தூரத்தைக் கிட்டக் காட்டும் குழாய். பூட்டுவதற்கு முன் கையில் பிடித்துப் பின்வளவிலிருந்து பார்த்தேன். மூன்று வீடு தள்ளி, அன்ரெனாவில் சிலந்தி வலை. வலையின் இழை! ஐம்பத்தாறு வயதில் புதுக் கண். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

வசந்தி குசினி ஜன்னலால் பார்த்தாள். சுடும்போது பழைய ஸ்கோப் பின்னால் உதைத்துப் புருவம் கிழிந்து மூன்று தையல் போட்ட நாளிலிருந்து என் மனைவி இந்த விஷயத்தில் ஊமை. யுத்த நேரம் வன்னியில் வெடிச்சத்தத்துக்குள் ஓடி ஓடி வாழ்ந்தவள். நான் சுடுவது பலகையில் ஒட்டிய கடதாசியை என்று எப்படி விளங்கப்படுத்துவது? அவள் கேட்டது ஒன்றுதான். "இனித் துவக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டாம்." மாத முடிவில் காலாவதி. படிவம் மேசையில். எண்ணூறு மீற்றரில் இதை ஒருதரம் சோதித்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றேன்.

செப்டெம்பர் 5, வெள்ளி

வேலை. லிட்கம் ஸ்டேஷனில் ரயில் அரைமணி தாமதம். வாங்க வேண்டியவை: பற்றரி, கறிவேப்பிலை, கண்ணாடி துடைக்கும் துணி (மறந்தாயிற்று).

மாலை ஸ்கோப்பைப் பூட்டினேன். தூசி படும் என்று முன்மூடியைத் திறக்கவேயில்லை. வீடெல்லாம் சாம்பிராணி மணம்.

செப்டெம்பர் 6, சனி

நாசமாய்ப் போன நாள். சுடுகளத்தில் காற்று குறைவு, வெளிச்சம் அருமை, ஆனால் ஸ்கோப்புக்குள் பனிமூட்டம் மாதிரி ஒரே புகார். ஆறு வெடி. மூன்று பலகையிலேயே படவில்லை.

குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் முருகேசன் பக்கத்தில். மதுரைக்காரர், கிளப்பில் எனக்கிருக்கும் ஒரே தமிழ்த் துணை. ஸ்கோப்புக்குள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இதுக்குக் காட்டராக்ட்டு. ஆபரேஷன் பண்ணிருங்க."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "சிரிக்காதையும். நாளைக்கே திருப்பி அனுப்பப் போறன்."

பெட்டிக்குள் வைக்கக் கழற்றியபோதுதான் முன்பக்கத்தைப் பார்த்தேன். சுடுகளத்தில் துவக்கின் முன்னால் யாரும் போவதில்லை. மூடியைக்கூடப் பின்னாலிருந்து கையை நீட்டித் தட்டித்தான் திறப்போம். கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம். காய்ந்து, விரல் இழுபட்ட தடத்தோடு.

முருகேசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன், குசினியில்:

"சந்தனம் நீர்தானே வைச்சது?"

"ஓம். நேற்று விளக்கேத்தேக்க, நீங்கள் பூட்ட முதல், மூடியைத் திறந்து. புதுச் சாமானுக்கு வைக்கிறதுதானே."

"உமக்கு இது பிடிக்காதெல்லோ?"

"பிடிக்காதுதான். ஆனா அதில வைக்கிறது உங்கட கண்ணையெல்லோ."

கதிரையில் இருந்துவிட்டேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"எவ்வளவு தூரத்துக்குச் சுடுறனீங்கள்?"

"இஞ்சயிருந்து பென்டில் ஹில் ஸ்டேஷன் வரைக்கும்."

"அவ்வளவு தூரத்தில ஆக்கள் நிண்டா என்னெண்டு தெரியும்?"

"வந்து பாருமன்."

வெட்டின வெங்காயத்தைச் சட்டியில் போட்டாள்.

செப்டெம்பர் 7, ஞாயிறு

மழை. துணி வாங்கினேன். பொட்டைத் துடைக்க மனம் கேட்கவில்லை. துடைத்தேன். பெட்டியின் மேல் வேறொரு பொட்டு வைக்கச் சொன்னேன். வைத்தாள்.

செப்டெம்பர் 13, சனி

விடியத் தோசை கட்டினாள். பிறகு தானும் காரில் ஏறினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இறங்கிவிடுவாளோ என்று பயம்.

களத்தில் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

நான் படுத்து, மூடியைத் தட்டினேன். கடவுளே. கானல் ஓடுகிறது. வாய்க்கால் தண்ணீர் மாதிரி, இடமிருந்து வலமாக, புல்லின் மேலால். இத்தனை வருடம் காற்றைக் கொடியில்தான் பார்த்தேன். இன்று காற்றையே பார்த்தேன். அழுத்தினால், குண்டு போய்ச் சேர ஒன்றரை வினாடி. ஒரு மூச்சு விடலாம். முருகேசன் தன் தொலைநோக்கியில்: "குண்டு போற வழியில காத்துல ஒரு சுருக்கம் போச்சுண்ணே! கண்ணால பாத்தேன்!" ஐந்து வெடி, ஐந்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள்.

திரும்பினால் வசந்தி பின்னால் நிற்கிறாள்.

"நானும் பாக்கட்டோ?"

களப் பொறுப்பாளர் கிழவர் துவக்கு வெடிக்க முடியாதபடி அதன் பூட்டைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். சல்வாரோடு பாயில் படுத்தாள். பார்த்தாள், பார்த்தாள், எழும்பவேயில்லை. இடப்பக்கம், வலப்பக்கம், பலகைக்குப் பின்னால் மண்மேடு, மேட்டோரப் பற்றை. கோயிலில்கூட அவள் இவ்வளவு நேரம் கண் எடுக்காமல் பார்த்து நான் கண்டதில்லை.

"மேட்டில வெள்ளைக் கிளி ஒண்டு இருக்கு."

"அது பறந்து போகட்டும்," என்றேன்.

காத்திருந்தோம். நாலு பேரும்.

"பறந்து போட்டுது."

பிறகும் எழும்பவில்லை. இன்னொரு முறை, இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரை. பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"அங்க ஒருத்தரும் இல்லை. இனிச் சுடுங்கோ."