நான் கவிழ்த்த குண்டான்

திண்டுக்கல்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்

அன்புப் பேத்தி பர்ஹானாவுக்கு நன்னி குர்ஷித் பேகம் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் இங்கு எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தங்கை தஹ்சீன் பிளஸ் ஒன் காலாண்டுப் பரீட்சையில் தாவரவியலில் வகுப்பிலேயே முதல். உன் அண்ணன் வாஜித் பழனி ரோட்டில் இரண்டாவது பிரியாணிக் கடை திறந்துவிட்டான். பகல் ஒரு மணிக்குப் போனால் உட்கார இடம் கிடையாது. நீ ஹைதராபாத்தில் இலைகளை வைத்து ஆராய்ச்சி செய்வதைத் தாடிக்கொம்பு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அடுத்த மாதம் வாஜித்துக்கு நிக்காஹ். நீ வர மாட்டேன் என்று உன் அம்மாவிடம் போனில் சொன்னாயாம். "அவன் வாயால ஒரு தடவ ஒத்துக்கட்டும், அன்னைக்கே பஸ் ஏறுறேன்" என்றாயாம். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

பதினொரு வருஷம் ஆகிறது. நீ ஒன்பதாவது படித்தாய். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கென்று கண்ணாடி ஜாடித் தண்ணீரில் பாசியைப் போட்டு, மேலே புனலையும் குழாயையும் கவிழ்த்து, மறுநாள் வெயிலுக்கென்று ராத்திரியே மொட்டை மாடியில் வைத்தாய். குழாயில் சேர்கிற காற்றில் கங்குள்ள ஊதுபத்தியை நீட்டினால் குப்பென்று எரியும் என்றாய். பரிசு உனக்குத்தான் என்று நான் தெருவெல்லாம் சொல்லிவைத்தேன். வாஜித் மட்டும், பாசி வளர்ப்பவளுக்குப் பரிசா என்று கேலி செய்துகொண்டே இருந்தான்.

மறுநாள் காலையில் மிளகாய் காயப்போட மாடிக்குப் போனேன். ஜாடி திறந்து கிடக்கிறது, பக்கத்தில் காக்கா. திறந்த தண்ணீரைக் கண்டால் பிஸ்மி சொல்லி மூடுவது என் அம்மா காலத்துப் பழக்கம். பெரிய அலுமினியக் குண்டானை அதன் மேல் கவிழ்த்துவிட்டு வந்தேன். சாயங்காலம் மிளகாய் அள்ளப் போனபோதுதான் அதை எடுத்து ஓரமாக வைத்தேன். நல்லது செய்ததாகவே நினைத்தேன்.

அதற்கடுத்த நாள் கண்காட்சியில் உன் ஊதுபத்தி அணைந்துபோனது. அழுதுகொண்டு வந்த நீ மாடியில் கிடந்த குண்டானைப் பார்த்து, வாஜித்தான் மூடிக் கெடுத்தான் என்றாய். உன் அத்தா அவனை இரண்டு அறை அறைந்தார். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அன்றோடு நீ அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டாய். தெருவெல்லாம் பெருமை பேசிய வாயால், கெடுத்தது நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே பதினொரு வருஷம் போய்விட்டது.

போன வாரம் தஹ்சீன் ஒளி வினை என்ற பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். அர்த்தம் கேட்டேன். இலையில் வெளிச்சம் பட்டால் தண்ணீர் உடைந்து ஆக்சிஜன் வெளியே போகுமாம். வெயிலின் சக்தியை ஏ.டி.பி., என்.ஏ.டி.பி.எச். என்று இரண்டாகப் பிடித்து வைத்துக்கொண்டு, அதை வைத்துத்தான் செடி பிறகு சர்க்கரை செய்யுமாம். இலையை மூடிவிட்டால் என்று கேட்டேன். மூன்றுமே கிடைக்காது நன்னி என்றாள். காற்றைத்தான் கெடுத்தேன் என்று இருந்தேன். அந்தப் பாசியின் ஒரு நாள் சாப்பாட்டையே பறித்திருக்கிறேன்.

வாஜித் கடையிலிருந்து வந்ததும் அவனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

"நீங்க மூடுனத அன்னைக்கே படிக்கட்டுல நின்னு பாத்தேன் நன்னி. விடுங்க. நான்தான் செஞ்சேன்னு அவகிட்டச் சொல்லிர்றேன். அவ வந்தாப் போதும்."

வாங்கிய அடி போதாதென்று, செய்யாத தப்பையும் ஒத்துக்கொள்ளப் போகிறான். வேண்டாமென்று தடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். செய்தவள் நான், மறைத்தவளும் நான். உன் அண்ணன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

நிக்காஹுக்கு வா கண்ணு. என் முகத்தில் விழிக்க உனக்கு மனமில்லை என்றால் நான் அறைக்குள்ளேயே இருந்துகொள்கிறேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீயும் அவனும் சேர்ந்து நின்று ஒரு போட்டோ எடுங்கள். செல்போனில் வேண்டாம். கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி காகிதத்தில் போட்டு, எனக்குத் தபாலில் அனுப்பிவை.

உனக்காக துஆ கேட்கும்
நன்னி