உள்ளறைப் படம் ஏலம் போன கதை

கண்டக்குழி,
புதன்கிழமை.

அன்பு மகள் அகீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், மெல்பேர்ன் குளிரில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய். அஸ்னா மதினிக்குப் பிரஷர் குறைந்திருக்கிறது, வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. போனில் உன் குரலைக் கேட்டால் மனம் இளகிவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

நம் ஊர் ஹோட்டலில் படங்களை ஏலம் விடுகிறார்கள், நான் வரைந்ததும் உண்டு, போய்ப் பாருங்கள் என்று நீ சொன்னதால் சனிக்கிழமை உன் நானா றுமைஸைப் பாலாவியிலிருந்து வரவழைத்து, பெருநாள் அபாயாவைப் போட்டுக்கொண்டு போனேன். நான் அறிந்த ஏலமெல்லாம் மீன் ஏலமும் பள்ளிவாசல் ஏலமும்தான். இங்கே குளிர் அறை, மெத்தைக் கதிரை. மகள் கடலை வரைந்திருப்பாள், தோணியை வரைந்திருப்பாள் என்று முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். துணியை விலக்கினார்கள், உள்ளே நான் இருந்தேன். உன் வாப்பா மவுத்தாகி, நாலு மாதம் பத்து நாள் வேற்று ஆண் கண்ணில் படாமல் நான் இத்தா இருந்த உள்ளறை. வெள்ளைச் சீலை, அவிழ்ந்த தலைமுடி, மடியில் வாப்பாவின் சாறன், வாய் திறந்து அழுகிறேன். அந்த நாட்களில் வாப்பாவின் தம்பி, உன் சாச்சாகூடத் திரைக்கு வெளியே நின்றுதான் சலாம் சொன்னார். மகள் என்று உன்னை உள்ளே விட்டேன். எனக்குக் கஞ்சி கொண்டு வருகிறாய் என்று நினைத்தேன், நீ கண்ணால் அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். கெட்டிக்காரிதான், என் மூக்கு அப்படியே வந்திருக்கிறது.

கையில் கிடந்த இரண்டு தங்கக் காப்பையும் மனதுக்குள் விற்றுவிட்டுக் கை தூக்கினேன். பள்ளி ஏலத்தில் மவுத்தானவரின் பொருளுக்கு மவுத்து வீட்டார் ஒரு விலை கேட்டால் அதற்குமேல் யாரும் வாய் திறக்க மாட்டார்களே, இங்கும் அப்படித்தான் என்று நம்பினேன். ஒருவர் கூட்டிக் கேட்டார், இன்னொருவர் அதற்கும் மேலே போனார். பொறுக்க முடியாமல் றுமைஸ் எழுந்து, அது எங்கள் உம்மா, விட்டுவிடுங்கள் என்று சிங்களத்தில் கெஞ்சினான். எல்லோரும் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள், கை தட்டினார்கள், அதற்குப் பிறகுதான் விலை பறந்தது. எடுத்தவர் ஒரு கொழும்பு முதலாளி, தன் ஹோட்டல் வாசலில் மாட்டுவாராம். படத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கக் கூப்பிட்டார், முக்காட்டைக் கொஞ்சம் தள்ள முடியுமா, படத்தில் இருப்பதுபோல என்றும் கேட்டார். “காணும் உம்மா, போதும், எழும்புங்க” என்று றுமைஸ் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். வீடு வந்து சேருமுன் உன் போன். “உம்மா, உங்கட படம்தான் எல்லாத்தையும் விடக் கூட விலைக்குப் போயிருக்கு, சந்தோஷமா?” என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன், சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய்.

கணவனுக்குத்தான் இத்தா. மற்ற யார் மவுத்தானாலும் மூன்று நாளைக்குமேல் துக்கம் காக்க நம் மார்க்கத்தில் இடமில்லை. உனக்காக நான் அழுத மூன்று நாளும் நேற்றோடு முடிந்தது. இன்று காலையில் எழுந்து, ரொட்டி சுட்டு, வயிறாரச் சாப்பிட்டேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், நன்றாகப் படம் வரைகிற ஒரு மகளையும் தருவானாக. பெருநாளைக்கு வருவதாகச் சொன்னாய், வந்தால் பாலாவியில் நானா வீட்டில் இறங்கு. தச்சனைக் கூப்பிட்டு என் அறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
மர்ஹூம் ஜபாரின் மனைவி
பளீலா