நான் மாற்றிச் சொன்ன பதில்

செவ்வாய்க்கிழமை, இரவு.

பழனிக்கும் ஈரோட்டுக்கும் நடுவே வரப்போகும் புது ரயில் பாதைக்கு நிலம் எடுப்பதற்காக, பழனி பக்கத்துக் கிராமம் ஒன்றில் காலையில் கூட்டம். பொறியாளருக்குத் தமிழ் தெரியாது. கொடைக்கானல் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தருபவள் என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பேச்சியம்மாள் என்பவரின் கொய்யாத் தோட்டம் முழுவதும் பாதைக்குள் போகிறது. அவர் எழுந்து, "எங்க ஊர்ல ரயிலு நிக்குமா சார்? எம்மக ஈரோட்டுல நர்சு படிக்கிறா. நின்னா வாராவாரம் வந்துட்டுப் போவா" என்று கேட்டார். இங்கே ஸ்டேஷனே கிடையாது என்றார் பொறியாளர். பேச்சியம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"பாக்கலாம்னு சொல்றாங்கம்மா" என்றேன். அவர் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் மனம் கேட்கவே இல்லை. பெருமாள்மலையில் இறங்கி, பழனி பஸ் பிடித்து, தோட்டத்துக்கே போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும் டீச்சர். அந்த சார் இல்லைன்னு தலைய ஆட்டுனதப் பாத்தேன்ல. எடம் எப்படியும் போகத்தான் போகுது, அதான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிய மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, "ஸ்டேஷன் வேணும்னு ஒரு மனு எழுதணும். சனிக்கெழம வெள்ளனே வாங்க. இந்தத் தடவ நான் சொல்றத மட்டும் எழுதுங்க, என்ன?" என்றார்.

சரிங்கம்மா என்றேன். அவர் கோபமாகச் சொல்லியிருந்தாலாவது எனக்கு இப்போது தூக்கம் வந்திருக்கும்.