கலங்கரைக்காரி நொண்டியே நடக்கட்டும்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். நலம் விசாரித்தாயிற்று, இனி சண்டை.

இந்த மாதக் ‘கலங்கரைக்காரி’ நேற்றுத் தபாலில் வந்தது. ஒரு தோள்பட்டைக்கும் ஒரு முதுகெலும்புக்கும் நடுவே கிடைத்த ஐந்து நிமிடத்தில், எக்ஸ்ரே அறையில் நின்றுகொண்டே உறையைக் கிழித்தேன். மூன்றாம் பக்கத்தில் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக உன் படம்! ‘நமது புதிய தலைமை நிர்வாகி’யாம். அடுத்த நோயாளி மேசையில் ஏறிப் படுத்துவிட்டார். “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாவம் அந்த மனிதர், “விடலாமாம்மா?” என்று கேட்டுவிட்டார்.

இருபத்தாறு வருடமாக அந்தப் படக்கதையை ஒரு மாதம் விடாமல் வாங்குகிறவள் உன் கூடப்பிறந்தவள். போன ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் உன் மாமியாரின் முழங்கால் வலியைப் பற்றிப் போனில் பேசினாய். இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லையா?

அது கிடக்கட்டும். ஆசிரியரம்மா எங்கே? முதல் இதழிலிருந்து அந்தப் புத்தகத்தை நடத்தியவர். நாங்கள் எழுதும் கடிதம் ஒவ்வொன்றுக்கும் தன் கையால் பதில் போட்டவர். அவருக்கு ‘ஓய்வு பெறுகிறார்’ என்று ஒரே ஒரு வரி, அதுவும் விளம்பரத்துக்குக் கீழே!

எங்கள் வாசகர் வட்டம் கொதிக்கிறது. “சோப்பு வித்த ஆளுக்குப் படக்கதையைப் பத்தி என்னங்க தெரியும்?” என்று மருந்துக்கடைக்காரர் கத்தினார். நீ என் தம்பி என்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கே பிடிக்கவில்லை.

பதில் எழுது. போன் செய்யாதே. போனில் நீ பேச்சை மாற்றிவிடுவாய்.

உன் அக்கா

*

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். கதவைச் சாத்திக்கொண்டுதான்.

சொல்லாதது தப்பு. சொன்னால் நீ என்ன கேட்பாய் என்று தெரியும், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதுதான் உண்மை. சோப்புக் கம்பெனியில் என்னை வெளியே அனுப்பியதும், எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்ததும் உனக்குத் தெரியாது. எட்டு மாதமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் கூப்பிட்டுக் கொடுத்த வேலை இது.

ஆசிரியரம்மாவை நான் அனுப்பவில்லை. நான் வரும்போதே அவர் மேசை காலி. “பழைய ஆளுங்க பழைய வாசகர்களைத்தான் கூட்டிட்டு வருவாங்க. நமக்குப் புதுப் பசங்க வேணும்” என்றார் முதலாளி. அவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அக்கா. உங்கள் வட்டத்தில் நாற்பது வயதுக்குக் கீழே எத்தனை பேர்?

ஒரு உதவி செய். உன் பேச்சை அவர்கள் கேட்பார்கள். புது ஆட்களுக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுக்கச் சொல். ஏப்ரல் இதழிலிருந்து கலங்கரைக்காரி புதுப்பொலிவோடு வருகிறாள். உனக்குக் கட்டாயம் பிடிக்கும்.

வேலை போன விஷயம் உனக்குள் இருக்கட்டும்.

உன் தம்பி

*

ஏப்ரல் 4

தம்பி,

எட்டு மாதம்! என்னிடம் சொல்லியிருக்கலாமே. அந்த நூலகத்திலிருந்து என் ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம். அதை நினைத்து இரண்டு நாள் மனசு சரியில்லை. உனக்காக வட்டத்தில் பேசலாம் என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

அப்புறம் ஏப்ரல் இதழ் வந்தது.

அவள் கால் எங்கே?

நடிக்காதே, உனக்குப் புரியும். கலங்கரைக்காரிக்கு இடது கால் குட்டை. விளக்குக் கோபுரத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு படியையும் அவள் நொண்டிக்கொண்டுதான் ஏறுவாள். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ‘டக்... டொக்கு, டக்... டொக்கு’ என்று எழுதியிருக்கும். கீழே படகில் இருக்கும் கடத்தல்காரனுக்கு அந்தச் சத்தம் கேட்டாலே குலை நடுங்கும். இந்த இதழில் அவள் மூன்று மூன்று படியாகத் தாண்டி ஓடுகிறாள். மூலையில் ‘விர்ர்ர்’ என்று போட்டிருக்கிறது. மனுஷியா, மிக்ஸியா? நாற்பது வயதுக்காரி இருபதாகிவிட்டாள். கையில் துப்பாக்கி வேறு. காலுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. ஏதோ அழுக்கைத் துடைத்த மாதிரி துடைத்துவிட்டீர்கள்.

வாசகர் கடிதப் பக்கத்தையும் காணோம். அந்த இடத்தில் ஒரு புதிர்ப் போட்டி.

சின்ன வயதில் எந்த விளையாட்டிலும் நான் உப்புக்குச் சப்பாணி. அந்தச் சொல்லே எனக்கென்று செய்த மாதிரி. முதல் தடவை அந்தப் புத்தகத்தைப் புரட்டியபோது எனக்கு இருபத்தாறு வயது. அதில்தான் என்னைப் போல ஒருத்தி கதாநாயகியாக இருந்தாள். அவளைப் பார்த்து யாரும் ‘ஐயோ பாவம்’ சொல்லவில்லை. பயந்தார்கள்!

இதில் நீ கையெழுத்துப் போட்டாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

அக்கா

*

ஏப்ரல் 12

அக்கா,

போட்டேன்.

ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. இருநூறு பிள்ளைகளிடம் பழைய படத்தையும் புதுப் படத்தையும் காட்டிக் கேட்டோம். பெரும்பாலானவர்கள் ஓடுகிற கலங்கரைக்காரியைத்தான் காட்டினார்கள். அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. அந்தப் படம் என் மேசைக்கு வந்தபோது உன்னைத்தான் நினைத்தேன். தெருவில் பையன்கள் உன் பின்னால் அதே மாதிரி நடந்து காட்டியது எனக்கு மறக்கவில்லை. கதையிலாவது ஒருத்தி ஓடட்டுமே என்று தோன்றியது. உனக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் நம்புவாயா?

மே இதழும் அச்சுக்குப் போய்விட்டது. இப்போது எதையும் மாற்ற முடியாது. முதலாளி விடமாட்டார். என் மகளின் கல்லூரிப் படிப்பு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

தம்பி

*

ஏப்ரல் 21

தம்பிக்கு,

நீ எழுதியிருப்பது நொண்டிச்சாக்கு. அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

இருபத்தெட்டு வருடமாக எலும்பைப் படம் பிடிக்கிறேன். வளைந்தது, தேய்ந்தது, ஆணி வைத்தது, பிறக்கும்போதே குட்டையானது எல்லாம் பார்த்தாயிற்று. எந்த எலும்பும் தன்னைப் பார்த்து வெட்கப்பட்டு நான் கண்டதில்லை. வெட்கம் பக்கத்தில் நடக்கிறவர்களுக்குத்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நீ பத்தடி முன்னால் நடப்பாய். தெருமுனை திரும்பியதும் இருபதடி ஆகும். ‘வேகமா நடக்கிற பிள்ளை’ என்று அம்மா பெருமைப்படுவாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருடம் சொல்லாததை இப்போது ஏன் எழுதுகிறேன் தெரியுமா? நீ எனக்காக எதையோ செய்தேன் என்கிறாய். அதனால்தான். நீ அவள் காலைச் சரிசெய்தது எனக்காக இல்லை, உனக்காக.

ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். “அந்தப் புது நிர்வாகி என் தம்பி.” மருந்துக்கடைக்காரர், “அப்போ இவ்வளவு நாளா உளவு பாக்க வந்தீங்களா?” என்றார். வலித்தது. கணக்கு டீச்சர் மட்டும் நிதானமாக, “இப்ப நீங்க எந்தப் பக்கம்னு சொல்லுங்க, போதும்” என்றார்.

“புத்தகத்துப் பக்கம்” என்றேன்.

எல்லோரும் நொண்டிக்கொண்டே உன் அலுவலகம் வரை ஊர்வலம் போகலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். “நொண்டுறதை நாங்க பாத்துக்கிறோம். நீங்க நேரா நின்னு கேளுங்க, அது போதும்” என்று உட்கார வைத்தேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், மருந்துக்கடைக்காரர் உட்பட.

கடைசியில் பேருந்து ஓட்டுநர் சொன்னதுதான் முடிவாயிற்று. மே இதழ் வந்ததும் முழுக்கப் படிப்போம். படிக்காமல் திட்டுவது எங்கள் பழக்கம் இல்லை. பிறகு ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதி உள்ளே வைத்து, உன் பெயருக்கே திருப்பி அனுப்புவோம். கடிதப் பக்கத்தை மூடிவிட்டீர்கள் அல்லவா, இனி முழுப் புத்தகமும் கடிதப் பக்கம்தான். மற்ற ஊர் வட்டங்களுக்கும் எழுதிவிட்டோம்.

மாற்ற முடியாது என்கிறாய். எங்களுக்கும் மாறத் தெரியாது. பார்த்துவிடலாம்.

அக்கா

*

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் நாள் பன்னிரண்டு பொட்டலம் வந்தது. மறுநாள் ஒரு சாக்கு. மூன்றாம் நாளிலிருந்து எண்ணுவதை விட்டுவிட்டோம். வரவேற்பறைப் பெண்ணின் மேசையைச் சுற்றிச் சுவர் மாதிரி எழும்பிவிட்டது, அவள் நெற்றி மட்டும்தான் தெரிகிறது. “சார், வர்றவங்க என்னைத் தேட வேண்டியிருக்கு” என்கிறாள். எல்லாவற்றையும் பழைய காகிதக்காரனிடம் போடச் சொன்னார் முதலாளி. என் பெயருக்கு வந்தவை என்பதால் என் அறைக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

நான்கு நாள் படித்தேன். வசவுகள் நிறைய. உங்கள் மருந்துக்கடைக்காரர் எழுதியதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அப்படித் திட்டுவதற்கு ஒரு திறமை வேண்டும். ஒரு கிரேன் ஓட்டுபவரின் கடிதம் நாலே வரி. அதை அப்படியே எழுதுகிறேன்:

‘என் மகளுக்குப் பதினொரு வயது. காலில் இரும்புப் பட்டை போட்டு நடப்பவள். எங்கள் வீடு மூன்றாவது மாடி. டக் டொக்கு, டக் டொக்கு என்று வாயால் சொல்லிக்கொண்டே ஏறுவாள். ஏப்ரல் இதழ் வந்ததிலிருந்து சத்தமில்லாமல் ஏறுகிறாள்.’

இதைப் படித்த பிறகு அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை, அக்கா.

முன்னால் நடந்தது உண்மைதான். ஒரு நாள்கூட மறந்ததில்லை. நீ கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டேன்.

அந்த நாலு வரியை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். படித்தார். “உருக்கமாத்தான் இருக்கு. அதுக்கு என்ன இப்போ?” என்றார்.

“அவ நடையைத் திருப்பிக் குடுங்க சார். ஆசிரியரம்மாவைத் திருப்பிக் கூப்பிடுங்க. இல்லேன்னா நான் இல்ல.”

“சரி, நீ இல்ல” என்றார்.

அவ்வளவுதான், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வாசல்வரை வந்த பிறகுதான் குடையை மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் எடுக்கவில்லை, நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். உன் மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை மறைக்கவில்லை. “மாலைக் கல்லூரிக்கு மாறிக்கிட்டுப் பகல்ல வேலைக்குப் போறேன்ப்பா” என்றாள், ஏதோ பேனா மாற்றுவதுபோல.

திங்கட்கிழமை வேறொருவர் வருகிறாராம். பிஸ்கட் கம்பெனியில் இருந்தவர். எனவே ஒன்றும் மாறவில்லை. என்னால் முடிந்தது இவ்வளவுதான். போதாது என்று தெரியும்.

உன் தம்பி

*

மே 25

என் அருமைத் தம்பிக்கு,

வேலை போனதற்கு நான் அழுவேன் என்று நினைத்திருந்தால் ஏமாந்தாய். கிரேன்காரரின் மகளுக்காகக் கொஞ்சம் அழுதேன், அது வேறு கணக்கு. உன்னைத் தட்டிக்கொடுப்பேன் என்றும் எதிர்பார்க்காதே. அவள் காலைத் துடைக்கக் கையெழுத்துப் போட்டதும் உன் கைதான். ஆனால் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆசிரியரம்மாவைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “உன் தம்பியா அவன்? பரவாயில்லையே, போகும்போதாவது சத்தம் போட்டுட்டுப் போயிருக்கான். நான் அதுகூடப் போடல” என்றார். அடுத்த வாரத்திலிருந்து நம் வட்டத்துக்கு வருகிறார். வாசகியாக.

உன் விஷயத்தை ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் வைத்தேன். ஒரு மணி நேரம் அடிதடி நடக்காத குறை. “வேலை போனதும் நல்லவனாயிட்டானா?” என்றார் மருந்துக்கடைக்காரர். “நல்லவனானதாலதான் வேலை போச்சு” என்றார் ஓட்டுநர். கை தூக்கச் சொன்னோம். உன்னைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பதினொரு பேர், கூடாது என்று நாலு பேர். நான் தூக்கவில்லை, அக்காவுக்கு அதில் ஓட்டு கிடையாது. மருந்துக்கடைக்காரர் இன்னும் உன்னை மன்னிக்கவில்லை. அவர் திட்டியதை நீ பத்திரமாக வைத்திருப்பதைச் சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டார்.

பிஸ்கட்காரர் வந்து உட்காரட்டும். ஜூன் இதழும் அவருக்குத் திரும்பிப் போகும், ஜூலையும் போகும். அவர் போய் வேறொருவர் வந்தால் அவருக்கும் போகும். கலங்கரைக்காரி நொண்டிக்கொண்டு படியேறும்வரை நாங்கள் விடுவதாக இல்லை. நிர்வாகிகள் மாறுவார்கள். நாங்கள் வேலையில் இருப்பவர்கள் இல்லையே, எங்களை யார் நீக்க முடியும்?

ஒரு சிக்கல். திருப்பி அனுப்பவேண்டுமானால் முதலில் வாங்கவேண்டும். நிர்வாகியாக இருந்தபோது உனக்குப் புத்தகம் இலவசமாக வந்திருக்கும், இனி வராது. சந்தாப் படிவம் இதோடு வைத்திருக்கிறேன். பூர்த்தி செய்து அனுப்பு. இதழ் வந்ததும் ஒரு வரி விடாமல் படி. பிறகு உட்கார்ந்து கடிதம் எழுது. இனிக்கப் பேசாதே, கெஞ்சாதே. கீழே கையெழுத்துப் போடும்போது பழைய பதவி எதையும் எழுதித் தொலைக்காதே.

‘வாசகன்’ என்று போடு. அதற்கு மேல் பெரிய பதவி அந்தக் கட்டடத்தில் கிடையாது.

உன் அக்கா